பன்னிரண்டு மேகசின், மூன்று புள்ளி

சென்ற ஆண்டு ஏப்ரலில், டெக்சாஸில் நான் வழக்கமாகச் செல்லும் சுடுதளத்தில் நடந்த உள்ளூர்ப் போட்டி ஒன்றில், இலக்குகளில் பாதியை முடித்திருந்த நிலையில் என் ரைஃபிள் சிக்கி நின்றது. ஒரு தோட்டா, குழலின் பின்முனையில் அது வெடிக்கும் அறையான சேம்பருக்குள் பாதி நுழைந்து நிற்க, அதன் பின்னாலேயே கிளம்பி வந்த இன்னொரு தோட்டா அதன் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிச் சேம்பரை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, மேகசினைப் பலங்கொண்டு உருவித் தரையில் போட்டு, சிக்கிய இரண்டையும் உதறித் தள்ளி, இடுப்பிலிருந்த அடுத்த மேகசினைச் செருகி ஒருவழியாகச் சுட்டு முடித்தேன். பிறகு தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து, எல்லாவற்றையும் மேசைமீது கவிழ்த்தபோதுதான் என் தவறு உறைத்தது. பன்னிரண்டு மேகசின்கள், பன்னிரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே கறுப்பு, அவற்றுள் எது சிக்கியது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அந்த ஒன்றைத் தேடி அடுத்த இரண்டு வாரங்களில் நான் சுட்டுத் தீர்த்த தோட்டாக்களின் விலை, மேகசின்களுக்குக் குறியிட இந்தப் பதிவில் சொல்லப்போகும் பொருள்கள் அனைத்தின் விலையையும்விடப் பல மடங்கு அதிகம். அப்படியும் அது அகப்படவில்லை.

துப்பாக்கி பழகாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றி மாட்டக்கூடிய பெட்டி. ஈழத் தமிழில் இதை ரவைக்கூடு என்பார்கள், கேட்டதும் பொருள் விளங்கும் நல்ல சொல் அது. ஓர் உடல், உள்ளே நீண்ட ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் அமர்ந்து தோட்டாக்களை மேலே தள்ளும் ஃபாலோயர், அடியை மூடும் தட்டு, மேல்வாயில் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ளும் இரண்டு உதடுகள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆனால் இந்த எளிய பெட்டிதான் முதலில் தேய்கிறது. உதடுகள் ஒரு மயிரிழை விரிந்தாலும் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாகக் கிளம்பிவிடும். ஸ்பிரிங் தளர்ந்தால், கடைசித் தோட்டா போன பிறகு பின்னால் நிற்க வேண்டிய போல்ட் நிற்காமல் மூடிக்கொள்ளும். துப்பாக்கியை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளலாம்; மேகசின் அப்படியல்ல, சைக்கிளின் பிரேக் கட்டையைப் போலத் தேய்ந்து, மாற்றப்பட வேண்டிய பொருள் அது.

அதனால்தான் குறி வேண்டியிருக்கிறது. சிக்கல் எந்த மேகசினைப் போட்டாலும் வருகிறது என்றால் குற்றம் துப்பாக்கியிலோ தோட்டாவிலோ இருக்கிறது. ஒரே மேகசினில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் குற்றம் அந்த மேகசினில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருந்தால் போதும். எண் இல்லையென்றால் எவ்வளவு அனுபவசாலியும் ஊகித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எண் இடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதற்குள் காட்டுப்பன்றி வேட்டைக்கென்று இரண்டாவது ரைஃபிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. அது 300 பிளாக்அவுட் தோட்டாவைச் சுடுவது. இந்தத் தோட்டா 2011 ஜனவரியில் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பின் ஏற்பைப் பெற்றது. ஏற்கெனவே பரவலாக இருந்த, என் முதல் ரைஃபிளும் சுடும் 223 தோட்டாவின் பித்தளை உறையைக் குட்டையாக வெட்டி, அதன் வாயில் பருத்த குண்டைப் பொருத்தினால் அதுதான் 300 பிளாக்அவுட். உறையின் அடிப்பாகம் மாறவில்லை. ஆகையால் அதே போல்ட், அதே மேகசின், குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பது அதன் பெரிய வசதி. அந்த வசதியிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. 223 தோட்டாவின் உறை 44.7 மில்லிமீட்டர் நீளம், குண்டின் விட்டம் 5.7 மில்லிமீட்டர், 300 பிளாக்அவுட்டின் உறை 34.7 மில்லிமீட்டர் நீளம், குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டர். நீளமான 223 தோட்டாவை 300 துப்பாக்கியில் தவறிப் போட்டால், அது முழுதாக உள்ளே போகாது, போல்ட் மூடாது, கேடும் இல்லை. ஆனால் குட்டையான 300 தோட்டா 223 துப்பாக்கிக்குள் போய்விட்டால், குண்டின் வடிவத்தைப் பொறுத்து, சில வேளைகளில் போல்ட் மூடிக்கொள்ளும். அப்போது விசையை இழுத்தால், 5.7 மில்லிமீட்டர்க் குழலுக்குள் 7.8 மில்லிமீட்டர்க் குண்டு போக வழியின்றி, துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறும். இது பலமுறை நடந்திருக்கிறது.

எனக்கும் அது நடக்க இருந்தது. மே மாதத்தில் ஒரு மாலை, வெளிச்சம் மங்கிய பிறகு, 223 ரைஃபிளுக்கு மேகசினை எடுக்கப் பையில் கைவிட்டேன். கையில் வந்ததன் மேல்வாயில் பெருவிரல் பட்டபோது, கூராக இருக்க வேண்டிய குண்டு மழுங்கலாகவும் தடிமனாகவும் உணரப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 300. வேட்டைப் பையிலிருந்து முந்தைய வாரம் இந்தப் பைக்கு மாறி வந்திருக்கிறது. பெருவிரல் அந்த இடத்தில் பட்டது தற்செயல். தற்செயலை நம்பி இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆக, மேகசின் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: நீ எத்தனையாவது, நீ எந்தத் தோட்டாவுக்கு உரியது. முதற் கேள்விக்கு விடை மெதுவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை; வீட்டில் விளக்கின் கீழ் படித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு விடை இருட்டிலும், அவசரத்திலும், கையுறைக்குள்ளிருந்தும் உடனே கிடைத்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வகைக் குறியைப் பயன்படுத்துவது தவறு என்பதுதான் இந்த ஓராண்டில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது. எண் கண்ணுக்கு, தோட்டா வகை கைக்கு.

வேலையைத் தொடங்குமுன் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. எல்லா மேகசின்களையும் காலிசெய்து, தோட்டாப் பெட்டிகளை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, துப்பாக்கியின் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே உட்கார்ந்தேன். அடுத்து, எங்கே குறியிடக்கூடாது என்பதை வரையறுத்துக்கொண்டேன். காலியான ரைஃபிளில் மேகசினைச் செருகி, அது நுழையும் வாயின் விளிம்பையொட்டி வெளியே தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு மேலே எதுவும் கூடாது. சாதாரண மின்பணி டேப்பின் தடிமன் 0.18 மில்லிமீட்டர்தான், ஆனாலும் ஒரு சுற்றுச் சுற்றினால் இருபுறமும் சேர்ந்து மேகசின் தானாக நழுவி விழுவதைத் தடுக்க அது போதும். உதடுகள், ஃபாலோயர் ஓடும் உட்புறம், துப்பாக்கியின் கொக்கி வந்து விழும் காடி, இவற்றின் அருகில் பெயிண்டும் போகக்கூடாது, சூடும் போகக்கூடாது, உளியும் போகக்கூடாது. துப்பாக்கியின் உடலில் உள்ள வரிசை எண்ணைச் சுரண்டி அழிப்பதோ மாற்றுவதோ அமெரிக்காவில் கடுங்குற்றம் என்பதால், என் குறியெல்லாம் மேகசினோடு நின்றது.

முதலில் எடுத்தது வெள்ளி நிற மார்க்கர். கறுப்பு பிளாஸ்டிக்கில் பளிச்சென்று விழுந்தது, ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டுக்கும் எண் போட்டாகிவிட்டது. சுத்தம் செய்யும் கரைப்பானில் நனைந்த துணி ஒருமுறை பட்டதும் பாதி எண்கள் கரைந்து துணிக்கு வந்துவிட்டன. லேபிள் அச்சிடும் சிறு இயந்திரத்தில் அழகாக அச்சிட்டு ஒட்டிய லேபிள்கள் சொரசொரப்பான பரப்பில் சரியாகப் பதியாமல், இரண்டாவது போட்டியிலேயே மூலை கிளம்பி, மணலை வாரிக்கொண்டு உரிந்தன. வண்ண டேப் இதைவிடச் சற்று நாள் தாங்கியது; ஆனால் டெக்சாஸின் ஜூலை மாதக் காருக்குள் நான்கு மணி நேரம் கிடந்த பிறகு அதன் பசை உருகி விளிம்பில் கசிந்து, அந்தக் கசிவில் தூசு படிந்து, தொட்டால் விரலில் ஒட்டும் அருவருப்பான பொருளாக மாறியது. டேப்பை ஒரு நாள் போட்டிக்குத் தற்காலிகக் குறியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நின்று பிடித்தது ஆயில் பெயிண்ட் பேனா. கைவினைப் பொருள் கடையில் ஐந்து டாலருக்குள் கிடைக்கும் இந்தப் பேனாவில் ஆயில் என்ற சொல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பக்கத்திலேயே தண்ணீரில் கரையும் வகையும் அதே தோற்றத்தில் இருக்கும். பேனாவைவிட முக்கியமானது அதற்கு முந்தைய பத்து நிமிட வேலை. புது மேகசினின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசை இருக்கும். பழையதில் கைவியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் ஊறியிருக்கும். 91 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணியில் கறுப்பு ஏறாமல் வரும்வரை துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் எண் வரவேண்டிய இடத்தை மட்டும் பளபளப்பு மங்கும் அளவுக்கு இலேசாகத் தேய்த்து, மறுபடி ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு மெல்லியதாக ஒரு பூச்சு. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. அதன்பின் ஒரு முழு நாள் எவரும் தொடவில்லை. அவசரப்பட்டு ஒரே பூச்சாகத் தடிமனாக எழுதிய மூன்றில் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்து, முதல்முறை பெல்ட் உறையில் செருகியபோது தோலோடு உரிந்து வந்துவிட்டது. மெல்லிய இரு பூச்சு வாங்கியவை ஓராண்டாக நிற்கின்றன. கரைப்பான் படும்போது மங்குகின்றன, ஆனால் மறையவில்லை.

என்னிடம் உள்ளவற்றில் பெரும்பாலானவை மேக்புல் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை பிமேக் என்ற பிளாஸ்டிக் மேகசின்கள். அதன் அடியோரத்தில் உடலிலேயே சின்னஞ்சிறு புள்ளிகளின் வரிசை வார்க்கப்பட்டிருக்கிறது. வேண்டிய புள்ளிகளைப் பெயிண்டால் நிரப்பினால் டிஜிட்டல் கடிகாரத்தின் எண்களைப்போல எழுத்துருவாகும். பல ஆண்டுகளாக அந்தப் புள்ளிகளைக் கைப்பிடிக்கான சொரசொரப்பு என்றே நினைத்திருந்தேன். பேனாவின் முனை புள்ளிக்குப் பெரிதாக இருந்ததால், பெயிண்டை ஒரு மூடியில் சொட்டவிட்டு, பல்குத்தும் குச்சியின் முனையால் புள்ளி புள்ளியாக வைத்தேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலத்தான், முதல் வரிசை ஒழுங்காக அமைந்துவிட்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும். 6, 9 ஆகிய இரண்டுக்கும் அடியில் கோடு இட மறக்கக்கூடாது. தரையில் விழுந்த மேகசின் எந்தப் பக்கம் மேலாகக் கிடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு ரைஃபிளுக்கும் என் கைத்துப்பாக்கிக்கும் எண் வரிசையைப் பிரித்துக்கொண்டேன்: 9 மில்லிமீட்டர்க் கைத்துப்பாக்கிக்கு 1 முதல், 223 ரைஃபிளுக்கு 21 முதல், 300 ரைஃபிளுக்கு 51 முதல். எண்ணைப் படித்தாலே தோட்டா வகையும் தெரியும். இது இரண்டாவது காவல்.

அலுமினிய உடல் கொண்ட பழைய இராணுவ வகை மேகசின்கள் நான்கு இருந்தன. அவற்றுக்கு நான் கையாண்டது ஊரில் பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் முறை. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை வாங்கி முடித்ததும், கடையின் ஓரத்தில் ஒருவர் அதிர்வு ஊசி இயந்திரத்தைக் கிர்ரென்று ஓடவிட்டு, எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் பெயரையும் தேதியையும் பொடிப் புள்ளிகளாக வெட்டித் தருவாரே, அதே இயந்திரத்தின் சிறு வடிவம் இங்கே இருபது டாலருக்குள் கிடைக்கிறது. நான் நண்பரிடம் இரவல் வாங்கினேன். ஊசி பட்ட இடத்தில் மேற்பூச்சு விலகி, அலுமினியத்தின் வெண்மை புள்ளிப் புள்ளியாக வெளிப்பட்டது. என் அம்மாவின் தவலையில் 1978 என்று வெட்டியது தேய்க்கத் தேய்க்க இன்றும் படிக்க முடிவதைப்போல இதுவும் அழியாது. அழுத்தம் மட்டும் தரக்கூடாது; தகடு மெல்லியது, அழுத்தினால் உட்புறம் புடைத்து ஃபாலோயரின் ஓட்டத்தைத் தடுக்கும். வெட்டிய பள்ளத்தில் மெழுகு க்ரேயானைத் தேய்த்து வண்ணம் ஏற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. குளிர்ப் பகுதியில் அது பலிக்கலாம். எனக்கு ஆகஸ்டில் ஒழுகிவிட்டது. அதே பள்ளத்தில் பெயிண்டைத் தடவி, ஓரிரு நிமிடங்களில் மேற்பரப்பை மட்டும் துணியால் வழித்துவிட்டால், பள்ளத்துக்குள் நின்ற பெயிண்டைத் தேய்க்க எதுவும் எட்டாது.

பிளாஸ்டிக் உடலில் பற்றவைப்புக் கம்பியால், அதாவது சால்டரிங் அயர்னால், சுட்டு எண் போடலாம் என்று கேள்விப்பட்டு, ஏற்கெனவே கழித்துக்கட்டிய ஒன்றில் செய்து பார்த்தேன். புகை நெடி தலைவலியைத் தந்தது. அதைவிட, பிரித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தபோது, வெளியே சுட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் உள்ளே ஒரு கடுகளவு மேடு எழும்பியிருந்தது. அந்த மேட்டில் ஃபாலோயர் உரசி நின்றது. குறியிடப்போய்ச் சிக்கலை நாமே உண்டாக்கிக்கொள்ளும் வழி இது. யாரும் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இனி, தோட்டா வகையைக் காட்டும் குறிக்கு வருகிறேன். நிறம் பயன்படும் என்பதற்குப் பெரிய சான்று, சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன் உலகில் இருக்கிறது. அதன் குழல் அகலத்தைக் கேஜ் என்ற அளவால் சொல்வார்கள்; எண் கூடினால் அகலம் குறையும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கிக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதைத் தவிர்க்கவே அமெரிக்காவில் 20 கேஜ் தோட்டாக்களின் உறை மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. 223, 300 இரண்டுக்கும் அப்படியொரு நிற வழக்கம் இல்லை. ஆகவே அதை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் சிவப்பு, பச்சை என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. ஆண்களில் கணிசமானவர்களுக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம், அந்தி வெளிச்சத்திலோ எல்லோருக்கும் கடினம். 300 மேகசின்களின் அடித்தட்டு முழுவதையும் மஞ்சளாக்கினேன். 223 கறுப்பாகவே இருக்கிறது. மஞ்சள் இருக்கிறது, இல்லை என்ற ஒரே கேள்விதான்.

நிறத்தோடு நிறுத்தவில்லை. பழைய சைக்கிள் ட்யூப்பைக் கத்தரிக்கோலால் இரண்டு விரல் அகலத்தில் வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு 300 மேகசினின் அடியிலும் பென்சில் கோட்டுக்குக் கீழே ஒரு வளையத்தை இழுத்து மாட்டினேன். செலவு எதுவுமில்லை. பைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் ரப்பர் பட்டால் 300, வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டால் 223. என் மனைவியை அழைத்து, கண்ணை மூடச்சொல்லி, காலியான பத்தைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். துப்பாக்கியையே தொடாத அவர் ஒன்றும் தவறாமல் பிரித்து வைத்தார். இந்தச் சோதனையில் தேறாத குறியை நம்பக்கூடாது. காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு 300 பிளாக்அவுட்டுக்கென்றே வேறுபட்ட மேற்பரப்போடு வார்த்த மேகசின்களும் கடையில் உண்டு. மணல் நிற பிமேக்கை வாங்கிச் செயற்கை இழைக்கான சாயத்தில் ஊறவைத்து நிறமேற்றும் வழியும் இருக்கிறது. அந்த மணல் நிறம் அதற்கு ஏற்றது. நானும் ஒன்றைப் பிரித்து, உடலை மட்டும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருந்த சாயநீரில் போட்டுப் பார்த்தேன். நீலம் கேட்டதற்குப் பச்சை கலந்த நீலம் வந்தது, ஆனால் ஏறிய நிறம் ஏறியதுதான், தேய்வதே இல்லை. அதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டும். சமைக்கும் பாத்திரத்தை அதற்குத் தொடக்கூடாது.

மூன்றாவதாக ஒரு தேவை போட்டிக் களத்தில் எழுந்தது. ஒருவர் சுட்டு முடித்ததும் அவர் போட்ட மேகசின்களைப் பொறுக்கிக் கொடுப்பது அங்கே நல்ல வழக்கம். ஆனால் எல்லோருடையதும் ஒன்றுபோல இருந்தால் எவருடையது எவருக்குப் போகும்? தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பலர் அடித்தட்டில் எழுதி வைக்கிறார்கள். என் பெயரின் ஆங்கில முதலெழுத்து இன்னும் நால்வருக்கு இருந்தது. தமிழில் எழுதினால் யாருக்கும் ஐயம் வராது என்று முதலில் ழ எழுதிப் பார்த்தேன். பெருவிரல் அகலத் தட்டில் அதன் சுழிகள் பெயிண்டில் நிரம்பி உருவமற்ற திட்டாகிவிட்டன. பிறகு ஆய்த எழுத்து நினைவுக்கு வந்தது. முப்பாற்புள்ளி என்றே இலக்கணம் அழைக்கும் ஃ, வெறும் மூன்று புள்ளி. ஓர் ஆணியின் தட்டையான தலையைப் பெயிண்டில் தொட்டு மூன்று முறை ஒற்றினால் முடிந்தது. எழுதும் கை நடுங்கினாலும் புள்ளி கெடாது. எப்பக்கம் திரும்பிக் கிடந்தாலும் மூன்று புள்ளிதான். அதன்மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தால் விரலுக்கும் தட்டுப்படும். இப்போது அங்கே உள்ளவர்கள் மூன்று புள்ளியைக் கண்டால் என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அது எங்கள் மொழியின் ஓர் எழுத்து என்று சொன்னபோது, எப்படி ஒலிப்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு முதியவரும் உண்டு. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகே இந்தக் களத்துக்குள் நுழைந்த எனக்கு, என் எழுத்து அங்கே தரையில் கிடப்பதைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனியானது.

கைத்துப்பாக்கி மேகசினில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் உடல் முழுவதும் கைப்பிடிக்குள் மறைந்துவிடுவதால் அடித்தட்டு மட்டுமே வெளியே தெரியும். எனவே எல்லோரும் எண்ணை அங்கேதான் எழுதுகிறார்கள். ஆனால் சுத்தம் செய்யும் நாளில் என் கைத்துப்பாக்கி மேகசின்கள் எட்டையும் பிரித்து, தட்டுகளை ஒரு பக்கமும் ஸ்பிரிங்குகளை ஒரு பக்கமும் குவித்துத் துடைத்து மறுபடி பூட்டும்போது, 3ஆம் உடலுக்கு 5ஆம் தட்டு போய்விடும். அதற்குப் பிறகு குறிப்பேட்டில் எழுதியதெல்லாம் பொய். எனக்கு இது நடந்தது. இரண்டு மாதக் குறிப்புகளைக் கிழித்துப் போட நேர்ந்தது. இப்போது தட்டில் ஓர் எண், உடலின் பின்முதுகில் அடியோரம் மெல்லிய எழுத்தில் அதே எண் என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. பிரிப்பதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

மேகசினுக்குச் சட்டமே குறியிடச் சொன்ன காலமும் இருந்தது. 1994 செப்டம்பர் 13 முதல் 2004 செப்டம்பர் 13 வரை நடப்பிலிருந்த கூட்டாட்சித் தடைச் சட்டத்தின்படி, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்கள் காவல்துறைக்கும் அரசுக்கும் மட்டுமே உரியவை; தடைக்குப் பிந்தையவை என்று தெரியும்படி அவற்றில் குறி பொறிக்கப்பட வேண்டும். அந்த எழுத்துகளோடு கூடிய பழையவை இன்னும் கைமாறி வருகின்றன. அப்படி ஏதாவது பொறித்திருந்தால், அல்லது தயாரிப்புத் தேதியைக் காட்டும் கடிகார முகம் போன்ற சிறு வட்டம் வார்த்திருந்தால், அதன்மேல் பெயிண்ட் பூசக்கூடாது. மேகசினின் வயதைச் சொல்ல வேறு ஆதாரம் இல்லை.

எண் இட்ட பிறகு ஒரு குறிப்பேட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். தேதி, மேகசின் எண், என்ன கோளாறு என்று மூன்றே பத்தி. கோளாறு இல்லாத நாளில் எதுவும் எழுதுவதில்லை. ஜூலையில் 27ஆம் எண்ணுக்கு எதிரே இரட்டைத் தோட்டா என்று எழுதினேன். ஆகஸ்டில் அதே எண்ணுக்கு எதிரே அதே சொல். அன்றிரவே உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இடது உதட்டின் பின்மூலையில், உடலோடு சேரும் இடத்தில், நகத்தால் தடவினால் மட்டும் உணரக்கூடிய ஒரு விரிசல் ஓடியிருந்தது. உதட்டை விரலால் மெல்ல அகற்றினால் விரிசல் வாய் திறந்தது. ஏப்ரலில் என்னைச் சிக்கவைத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். முழுதாக நிரம்பிய நிலையில் சிமெண்டுத் தரையில் தலைகீழாக விழுந்ததன் விளைவு என்று கருதுகிறேன். எந்தப் பசையாலும் ஒட்டிச் சரிசெய்யக்கூடிய இடம் அல்ல அது. உடலை இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டால் எவராவது எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடும்.

24ஆம் எண்ணின் கதை வேறு. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டது, மூன்று முறை. ஸ்பிரிங்கா, ஃபாலோயரா, உடலா என்பது தெரிய வேண்டும். நன்றாக வேலை செய்யும் 28ஐயும் பிரித்து, இரண்டின் ஸ்பிரிங்குகளை மட்டும் இடம் மாற்றிப் பூட்டினேன். அடுத்த முறை 24 ஒழுங்காக நின்றது, 28 மூடிக்கொண்டது. கோளாறு ஸ்பிரிங்கோடு பயணம் செய்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது தளர்ந்த ஸ்பிரிங் மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டையாகவும் இருந்தது. சில டாலரில் புது ஸ்பிரிங் வந்தது, இரண்டும் சரியாகிவிட்டன. எண் இல்லாமல் இருந்திருந்தால் நான் துப்பாக்கியைக் கழற்றி, எரிவாயுக் குழாயைச் சந்தேகித்து, போல்ட்டின் வளையங்களை மாற்றி, தோட்டாவின் வகையையும் மாற்றியிருப்பேன்.

பெயிண்ட் பேனா, ஆல்கஹால், உப்புத்தாள், நெயில் பாலிஷ், குறிப்பேடு எல்லாம் சேர்ந்து பதினைந்து டாலரைத் தாண்டவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மங்கிய எண்களுக்கு ஒரு பூச்சு தர வேண்டியிருக்கிறது. ரப்பர் வளையங்களில் இரண்டு வெயிலில் வெடித்துவிட்டதால் மாற்றினேன், அதே ட்யூப்பில் இன்னும் பாதி மீதமிருக்கிறது. கழித்த 27ஆம் எண்ணை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. பழைய குறிப்புகள் புதியதன் தலையில் ஏறிவிடும். அதற்குப் பதிலாக வாங்கிய இரண்டுக்கும் 33, 34 என்று எண் இட்டு, இன்று காலை கராஜ் மேசையில் வைத்திருக்கிறேன். புள்ளிகள் மூன்றிலும் இரண்டாவது பூச்சு இன்னும் விரலில் ஒட்டுகிறது. நாளை மாலை வரை அவற்றைத் தொடக்கூடாது.